மருந்தும் உணவும் மௌனமும்

மருந்து என்று பெயரிட்டு ஓர் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், அதன் பத்துக் குறள்களில் ஆறினை உணவுக்கே ஒதுக்கினார். மூலிகையின் பெயர் ஒன்றேனும் அங்கு இல்லை. முன்னுண்டது செரித்ததா, பசி எடுத்ததா, உடலுக்கு ஒவ்வாதது எது, உண்ணும் அளவு எது என்பவையே அங்கு பேசப்படுகின்றன. தாயகத்தில் பல்கலைக்கழக வகுப்பறையில் இவ்வதிகாரத்தைக் கற்பித்த நாள்களில், அதனை ஒழுக்கம் பற்றிய போதனையாகவே நாம் விளக்கினோம். இன்று எமது தலைமுறையினர் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் குளிசைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாழ்கின்றனர். வள்ளுவர் கூறியது எவ்வளவு நடைமுறையான அறிவு என்பது இப்போதுதான் புலப்படுகின்றது.

பாரிஸ், இலண்டன், சூரிச், ஒஸ்லோ, றொரன்ரோ என எம்மவர் வாழும் நகரங்களின் வீடுகளில் கொலஸ்ரோலைக் குறைக்கும் குளிசை இல்லாத வீடு அரிதாகிவிட்டது. அதை நாள்தோறும் விழுங்குகின்றோம். ஆயினும், உண்ணும் உணவு அக்குளிசையை என்ன செய்கின்றது, அக்குளிசை எமது உணவுப் பழக்கத்தை என்ன செய்கின்றது என்பவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வார் இல்லை. இப்பத்தியில் அரசியல் எழுதிப் பழகிய நாம் இன்று இதைப்பற்றி எழுதுவதற்கு அண்மையில் எமக்கு நெருங்கிய ஒருவர் வைத்தியசாலையில் கிடந்ததே காரணம்.

அவர் பாரிஸில் உணவகம் ஒன்றின் சமையற்கட்டில் இரவு வேலை செய்பவர். நாற்பத்தொன்பதாவது வயதில் மாரடைப்பு வந்தது. உயிர் தப்பினார். சிம்வாஸ்ரற்றின் என்னும் குளிசை கொடுக்கப்பட்டது. பழங்களை அதிகம் உண்ணுமாறும் சொல்லப்பட்டது. பம்பிள்மூஸ் பழச்சாறு கொழுப்பைக் கரைக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் கூறினார். பிரெஞ்சு மொழியில் அச்சொல் கிறேப்புறூட் பழத்தைக் குறிக்கும். அவரது மனைவிக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் ஊர்வீட்டு முற்றத்துப் பம்பளிமாசு மரம் நினைவுக்கு வந்ததாம். தாயகத்துப் பழமே இங்கும் மருந்தாக வந்தது என்று மகிழ்ந்து நாள்தோறும் காலையில் ஒரு பெரிய குவளை பிழிந்து கொடுத்தார்.

சில வாரங்களில் தொடைகளில் நோவு தொடங்கியது. நின்று வேலை செய்வதால் வந்த நோவு என்று நண்பர் எண்ணினார். பின்னர் படியேற முடியவில்லை. சிறுநீர் கடும் தேநீரின் நிறத்தில் போனது. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோது தசைகள் சிதைந்து, அச்சிதைவு சிறுநீரகங்களை அடைக்கும் நிலையில் இருந்தது. ஒழுங்காக உண்கின்றீர்களா என்று முன்பு கேட்ட வைத்தியருக்கு அவர் ஆம் என்று ஒரு சொல்லில் விடை கூறியிருந்தார். காலையில் எழுந்ததிலிருந்து வாயில் வைப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று ஒரு தாதி கேட்ட பின்னரே பழச்சாற்றின் கதை வெளிவந்தது. அதை மொழிபெயர்த்தவர் அவரது பன்னிரண்டு வயது மகள். நண்பர் தேறிவிட்டார். குளிசையோடு வந்த தாளில் அந்த எச்சரிக்கை பிரெஞ்சில் அச்சிடப்பட்டே இருந்தது.

கிறேப்புறூட்டின் இந்த இயல்பு தற்செயலாகக் கண்டறியப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் டேவிட் பெயிலி என்னும் ஆய்வாளரும் அவரது குழுவினரும், இரத்த அழுத்தத்திற்கான பெலோடிப்பின் என்னும் மருந்தோடு மதுசாரம் எவ்வாறு வினைபுரிகின்றது என்று ஆராய்ந்தனர். மதுசாரத்தின் சுவையை மறைப்பதற்காகக் கிறேப்புறூட் சாற்றைக் கலந்தனர். எதிர்பார்த்ததிலும் பன்மடங்கு மருந்து இரத்தத்தில் காணப்பட்டது. சுவையை மறைக்கச் சேர்த்த சாறே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. 1989 இல் முதலில் வெளிவந்த இச்செய்தி 1991 இல் விரிவான ஆய்வாக உறுதி பெற்றது.

இதன் பொறிமுறை எளிதானது. நாம் விழுங்கும் சில மருந்துகளில் பெரும்பகுதி இரத்தத்தை அடைவதற்கு முன்னரே சிறுகுடற் சுவரிலுள்ள ஒரு நொதியத்தினால் சிதைக்கப்படுகின்றது. அந்த இழப்பைக் கணக்கிற் கொண்டே குளிசையின் அளவு தீர்மானிக்கப்படுகின்றது. கிறேப்புறூட்டிலுள்ள சில பொருள்கள் அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. வாயிற்காவலன் விழுந்துவிட்டால் வந்தவரெல்லாம் உள்ளே நுழைவதுபோல மருந்து அளவு மீறி உள்ளே செல்கின்றது. நாள்தோறும் ஒரு குவளைச் சாறு சிம்வாஸ்ரற்றினின் அளவை இரத்தத்தில் மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் புதிய நொதியத்தை ஆக்கும்வரை இந்நிலை நீடிக்கும். அதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை செல்லலாம். எனவே காலையில் சாறு, இரவில் குளிசை என்று பிரித்து எடுப்பது பாதுகாப்பு ஆகாது.

இவ்விடயத்தில் எல்லாக் குளிசைகளும் ஒன்றல்ல. சிம்வாஸ்ரற்றின், லோவாஸ்ரற்றின் ஆகியவை இப்பழத்தினால் மிகவும் பாதிக்கப்படுபவை. அற்றோர்வாஸ்ரற்றின் அவற்றைவிடக் குறைவாகப் பாதிக்கப்படும். பெருமளவு சாறு அதற்கும் ஆகாது. பிறவாஸ்ரற்றின், றோசுவாஸ்ரற்றின், புளுவாஸ்ரற்றின் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் கிடையாது. பழங்களிலும் வேறுபாடு உண்டு. எமது பம்பளிமாசும், மாமலேட் செய்யப் பயன்படும் கசப்புத் தோடம்பழமும் கிறேப்புறூட்டின் குணமுடையவை. நாம் வழக்கமாக உண்ணும் இனிப்புத் தோடம்பழத்தை அஞ்ச வேண்டியதில்லை. பெட்டியிலுள்ள பெயரை இன்றே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும்.

இதை வாசித்ததும் அச்சம் கொண்டு குளிசையை நிறுத்திவிடும் அன்பர்களும் இருக்கக்கூடும். அது பழச்சாற்றைவிடப் பெரிய கேட்டைத் தரும். யப்பானிய அறிஞர் அகிரா என்டோ 6000 இற்கும் மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்து, 1973 இல் இவ்வகை மருந்துகளின் முன்னோடியைக் கண்டறிந்தார். கியோத்தோ நகரில் தானியக் கடை ஒன்றின் அரிசியிற் பிடித்த பூஞ்சணமே அதைத் தந்தது. ஈரல் கொலஸ்ரோல் உற்பத்தி செய்வதை இம்மருந்து தடுக்கின்றது. அதனால் ஈரல் தனது தேவைக்கு இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ரோலை இழுத்தெடுக்கின்றது. எம்மவர் பலர் அடைக்கலம் பெற்ற நோர்வே, டென்மார்க் உட்பட ஐந்து நோர்டிக் நாடுகளில் 4444 இதய நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1994 இல் வெளியானது. சிம்வாஸ்ரற்றின் எடுத்தவர்களிடையே ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மரணங்கள் 30 சதவீதம் குறைந்தமையை அது காட்டியது. உயிர் காக்கும் மருந்து இது என்பதில் ஐயமில்லை.

எமக்கு இம்மருந்தின் தேவை சற்றுக் கூடுதலாகவே உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளிவந்த பேராய்வின் தரவுகள், தென்னாசிய நாடுகளில் முதல் மாரடைப்பு ஏனைய நாடுகளிலும் பார்க்க ஏறத்தாழ ஆறாண்டுகள் முன்னதாக வருவதைக் காட்டின. அங்கு நடு வயது 53 ஆகவும், ஏனையோரிடம் 59 ஆகவும் இருந்தது. மேற்கு இலண்டன் சவுத்ஹோலில் வாழும் தென்னாசியரை ஆராய்ந்து 1991 இல் வெளியான ஆய்வு, இடுப்பைச் சுற்றிய கொழுப்பையும் நீரிழிவையும் எமது இனத்தாரின் இதய நோயோடு தொடர்புபடுத்தியது. நாற்பதைத் தாண்டிய எமது வாசகர்கள் வைத்தியர் சொல்லும்வரை காத்திராது தாமாகவே இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும்.

அச்சத்தினால் குளிசையை நிறுத்துவது ஒரு தவறென்றால், குளிசை இருக்கின்றதே என்னும் துணிவில் உண்பது மற்றைய தவறு. கொண்டாட்ட வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாசகம் இது: இன்றைக்குச் சாப்பிடுவோம், இரவு ஒரு குளிசை போட்டால் சரி. அமெரிக்காவில் இப்போக்கை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டனர். 1999 – 2000 ஆம் ஆண்டுகளில் ஸ்ரற்றின் எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில், 2009 – 2010 இல் அதை எடுத்தவர்கள் 9.6 சதவீதம் கூடுதலான கலோரிகளையும் 14.4 சதவீதம் கூடுதலான கொழுப்பையும் உண்டனர். குளிசை எடுக்காதவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. குளிசை இரத்தத்திலுள்ள கொலஸ்ரோலைத்தான் குறைக்கும். இடுப்பின் சுற்றளவையும் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் உணவும் உழைப்புமே குறைக்கும்.

எமது சமையல் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. கெட்ட கொலஸ்ரோலை உயர்த்துவது அதுவே. ஊரில் எமது பெற்றோரும் சொதி உண்டனர். அவர்கள் தோட்டத்துக்கு நடந்தனர், கிணற்றில் நீர் இறைத்தனர், சைக்கிள் மிதித்தனர். இறைச்சி கிழமைக்கு ஒரு நாள் வந்தாலே பெரிது. இங்கு மின்தூக்கியில் ஏறி, இருக்கையிலிருந்து வாகனம் ஓட்டி, நள்ளிரவில் வந்து கொத்துரொட்டியும் ஆட்டிறைச்சியும் உண்கின்றோம். விருந்தினர் வந்தால் பொரித்த றோல்ஸ் தட்டிலே முதலில் வருகின்றது. ஊரில் விழாவுக்கு உண்டதை இங்கு நாள்தோறும் உண்பதே எமது நோயின் வேர்.

இழந்த மண்ணின் சுவையை எவரும் துறக்கவேண்டும் என்று நாம் கோரவில்லை. அச்சுவையே எமக்கு எஞ்சியிருக்கும் ஊர் என்பதை நாம் அறிவோம். சொதிக்கு முதற்பாலை விட்டு இரண்டாம் பாலை அளவோடு சேர்க்கலாம். தாளிப்பதற்குத் தாவர எண்ணெயைச் சிறிதளவு பயன்படுத்தலாம். பருப்பு, பயறு, கடலை, வல்லாரை, முருங்கையிலை, குரக்கன் பிட்டு, மீன்குழம்பு ஆகியவையும் எமது ஊரின் சுவைகளே. வைத்தியர்கள் இன்று பரிந்துரைக்கும் பருப்பு வகைகளும் நார்ச்சத்தும் எமது பாட்டிமார் அடுக்களையில் என்றும் இருந்தவை. இறாலில் கொலஸ்ரோல் உண்டு என்று அஞ்சி அதை விலக்குபவர், அதைப் பொரிக்கும் எண்ணெயையே முதலில் நோக்கவேண்டும். ஏனெனில் இறாலில் நிரம்பிய கொழுப்பு மிகவும் குறைவு.

நார்ச்சத்து நல்லது என்றாலும் அதற்கும் நேரம் உண்டு. ஓட்ஸ் தவிட்டையோ பழநாரான பெக்ரினையோ லோவாஸ்ரற்றினோடு சேர்த்து உண்டவர்களிடம் குளிசையின் பயன் குறைந்ததை 1991 இல் வெளியான குறிப்பொன்று காட்டியது. இசப்கோல் போன்ற நார்த்தூள்களும் பிற மருந்துகளின் உறிஞ்சலைத் தடுக்கவல்லவை. எனவே ஓட்ஸ் கஞ்சி காலையிலும் குளிசை இரவிலும் இருப்பது நன்று. சிம்வாஸ்ரற்றின் உடலில் நெடுநேரம் தங்காது என்பதாலும், ஈரல் இரவிலேயே கொலஸ்ரோலை அதிகம் ஆக்குகின்றது என்பதாலும், அதனை இரவில் எடுப்பதே முறை. அற்றோர்வாஸ்ரற்றினையும் றோசுவாஸ்ரற்றினையும் எந்நேரத்திலும் எடுக்கலாம். விரதகாலத்தில் குளிசைக்கும் விரதம் விடுபவர்கள் எம்மிடையே உளர். கந்தசஷ்டியின் ஆறு நாள்களானாலும் நோன்பு மாதமானாலும், நாளுக்கு ஒன்றான இக்குளிசையை மாலையில் நீரோடு எடுத்துக்கொள்ளத் தடை எதுவும் இருக்க முடியாது.

இயற்கை என்ற பெயரில் விற்கப்படுபவையும் கவனத்துக்குரியவை. சீனக் கடைகளிலும் மருந்தகங்களிலும் கிடைக்கும் சிவப்புப் பூஞ்சண அரிசியில் உள்ள பொருள், வேதியியலில் லோவாஸ்ரற்றினேதான். ஸ்ரற்றின் எடுப்பவர் அதையும் உண்டால் ஒரே மருந்தை இருமுறை எடுத்தவராவார். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அதன் அளவுக்கு எல்லை விதித்தது. இதற்கு எதிர்மாறானது, யேர்மனியில் யொகானிஸ்கிறவுற் என வழங்கும் மூலிகை. மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் அதனைப் பலர் வாங்குகின்றனர். அது நொதியத்தைத் தூண்டி, சிம்வாஸ்ரற்றின், அற்றோர்வாஸ்ரற்றின் ஆகியவற்றின் பயனைக் குறைத்துவிடும். அடைக்கல விண்ணப்பத்தின் முடிவை எதிர்நோக்கி இரவெல்லாம் விழித்திருக்கும் எம்மவருக்கு இந்த எச்சரிக்கை குறிப்பாகத் தேவை.

இன்னுமொன்று. றோசுவாஸ்ரற்றின் ஆசிய இனத்தாரின் இரத்தத்தில் ஐரோப்பியரிலும் ஏறத்தாழ இருமடங்கு சேர்வதாகக் கண்டறிந்து, 2005 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஆசியருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குமாறு அறிவுறுத்தியது. ஆகவே உங்கள் பூர்வீகம் எது என்று வைத்தியர் கேட்பதை அவமதிப்பாகக் கொள்ளாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தசைநோவு பற்றியும் சமநிலையோடு பேசவேண்டும். இலண்டன் இம்பீரியல் கல்லூரி 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பக்கவிளைவால் ஸ்ரற்றினைக் கைவிட்டவர்களுக்குச் சில மாதங்கள் மருந்தும் சில மாதங்கள் வெற்றுக் குளிசையும் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. மருந்தோடு அவர்கள் உணர்ந்த துன்பத்தின் 90 சதவீதம் வெற்றுக் குளிசையோடும் இருந்தது. அச்சமும் நோவைத் தரும் என்பதே அதன் பொருள். எனினும், காரணமின்றிக் கடுமையான தசைநோவும் தளர்ச்சியும் ஏற்பட்டு, சிறுநீரும் கருமையானால் ஒரு நாளேனும் தாமதிக்கலாகாது. கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் அதற்கு முன்னரே வைத்தியருடன் பேசவேண்டும்.

இவையெல்லாம் அறிவு சார்ந்தவை; சொன்னால் தெரிந்துகொள்ளலாம். எமது நண்பரை வைத்தியசாலையில் கிடத்தியதற்கு அறியாமையோடு மௌனமும் காரணம். அகதியாக வந்த நாள் முதல் நாம் ஒரு பாடத்தைக் கற்றிருக்கின்றோம்: கேட்டதற்கு மட்டும் விடை சொல், மேலதிகமாக ஒரு சொல்லும் பேசாதே, திகதி பிழைத்தால் விண்ணப்பம் பிழைக்கும். விசாரணை அறையில் அப்பாடம் எமக்குக் கைகொடுத்திருக்கலாம். அதே மௌனத்தை வைத்தியரின் அறைக்கும் நாம் கொண்டுசெல்கின்றோம். அங்கும் மேசைக்கு அப்பால் ஒரு வெள்ளையர். அவர் முன்னால் ஒரு கோப்பு. அவர் கையில் ஒரு பேனா. உடல் தானாகவே நிமிர்கின்றது, நாக்கு தானாகவே சுருங்குகின்றது.

அந்த அறை வேறு. அங்கு நாம் சொல்வதை இரகசியமாகக் காக்க வைத்தியர் கடமைப்பட்டவர். எதை உண்கின்றோம், எதைக் குடிக்கின்றோம், ஊரிலிருந்து யார் எந்தச் சூரணத்தைக் கொடுத்தனுப்பினர், எத்தனை நாள் குளிசையைத் தவறவிட்டோம் என்பவற்றை மறைப்பதால் அங்கு எமக்கு எந்த நன்மையும் இல்லை. மறைத்ததற்கான விலையை எமது உடலே கொடுக்கும். மதுவின் அளவைக் குறைத்துச் சொல்லும் ஆண்களுக்கும், தமது நோவைச் சொல்லவே கூசும் பெண்களுக்கும் இதை அழுத்திக் கூறுகின்றோம்.

மௌனத்துக்கு மற்றுமொரு காரணம், எமது குழந்தைகளை நாம் உரைபெயர்ப்பாளர் ஆக்கியிருப்பது. தந்தையின் சிறுநீரின் நிறத்தை அந்நிய மொழியில் சொல்லும் சுமை பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு உரியதன்று. பிள்ளைக்கு முன்னால் பெற்றோர் உண்மையை முழுதாகச் சொல்வதுமில்லை. நோர்வேயில் 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பொதுச் சேவைகளில் குழந்தைகளை உரைபெயர்க்கப் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றது. ஏனைய நாடுகளில் வாழ்வோரும் வைத்தியசாலையில் உரைபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே கேட்கவேண்டும். கிடைக்காவிடின் வயதுவந்த உறவினர் ஒருவரையேனும் அழைத்துச் செல்லவேண்டும்.

எமது அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள். கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுதோறும் கலைவிழாக்கள் நடத்துகின்றன. அந்த மண்டபங்களில் ஒரு மணி நேரத்தை எம்மிடையேயுள்ள வைத்தியர்களுக்கும் மருந்தாளருக்கும் ஒதுக்குங்கள். குளிசைத் தாள்களின் முதன்மையான எச்சரிக்கைகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, லா சப்பல் கடைத்தெருவிலும் ஏனைய தமிழ்க் கடைகளிலும் வையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கிழமைக்கு உண்பதையும் எடுக்கும் மருந்துகள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் கொடுக்கட்டும். அஞ்சல் முத்திரைச் செலவும் இல்லாத காரியம் இது.

வள்ளுவரின் அவ்வதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்போர் அவர். முதல் மூன்றும் இந்நாடுகளில் எமக்கு உண்டு. உற்றார் பிரிந்து, ஊர் பிரிந்து வந்த எமக்கு நான்காமவரே இல்லாமற் போனார். அந்த இடத்தில் இன்று ஒரு சிறுமி நிற்கின்றாள். அவளை விளையாட விட்டுவிட்டு, அங்கே நாம் ஒருவருக்கொருவர் நிற்கப் பழகுவோம். எமது நண்பரின் வீட்டில் இப்போது காலையில் தோடம்பழச் சாறு பிழிகின்றார்கள். பெட்டியிலுள்ள தாளை அவரது மனைவி ஒரு அயலவரின் உதவியுடன் தமிழில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றார்.